இருபத்துமூன்று நாள் எரிந்த பல்பு

அத்தியாயம் 9

மாடியறையில் பல்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. எப்படி எரிகிறது என்று லிஃப்ட்காரருக்குத் தெரிந்ததாக ஒரு நினைப்பு. உண்மையில் தெரிந்தவள் அவர் மனைவி.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுவோம்.

லிஃப்ட்காரருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. நல்ல வேலைக்காரர். எந்த நேரத்தில் யாருக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று சொல்ல முடியாதில்லையா, இவருக்கு இரண்டு வருஷம் முன்னால் பிடித்தது. மாடியறையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பைப்பில் செம்புக்கம்பியைச் சுற்றினார். பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்தார். ஒரு சர்க்யூட் கட்டினார். ஒரே பேட்டரி. அதிலிருந்து கிளம்புகிற கரண்ட் ஒரு சின்னப் பல்பை எரித்துவிட்டு, சுருளுக்குள் புகுந்து பெருகி, மறுபடி பேட்டரிக்கே வந்து சேர வேண்டும். பேட்டரி ஆயுசுக்கும் தீரக்கூடாது. அது அவர் கணக்கு. சரியாக இருபத்தெட்டு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். அது நடப்பு.

அந்த இருபத்தெட்டோடு முட்டி முட்டி மனுஷன் பேச்சைக் குறைத்தார். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்துவிட்டு எழுந்து போனார். சுவரைப் பார்த்துப் படுத்தார். ஒருநாள் காலை அவர் வேலைக்குப் போனதும் மனைவி பரணில் கிடந்த பழைய சார்ஜரை இறக்கினாள். அந்த வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அவள் அண்ணி. நமக்கும் அப்படியே இருக்கட்டும். சார்ஜரைப் பேட்டரியில் மாட்டி இரண்டரை மணி நேரம் விட்டாள். பதினோரு மணிக்குக் கண்ணாடிக்கடைக்கு வேலைக்குக் கிளம்பும்முன் கழற்றி ஒளித்துவிட்டாள். ஒரே ஒரு நாள் அவர் சிரிக்கட்டும் என்றுதான் செய்தாள்.

சிரித்தார். அதுதான் வினையாகப் போயிற்று. மறுநாள் நிறுத்த மனசு வரவில்லை. அடுத்த நாள் தைரியம் வரவில்லை. அவருக்கு லீவு நாளென்றால் ஊர்க்கோடியில் இருக்கிற பல் டாக்டரிடம் அனுப்பிவைத்தாள். மூன்று வாரத்தில் அவர் பல்லெல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டது.

பேட்டரி பகலில் மட்டும் ஏறுவதைக் கண்டுபிடித்த லிஃப்ட்காரர், அதற்குச் சூரியன்தான் காரணம் என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டார்.

இருபத்துமூன்று நாள் ஓடிய செய்தி, இதே பைத்தியம் பிடித்த மற்றவர்களுக்குப் போனது. நேற்று விடியும்போதே இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். ஒருவர் வாத்தியார், நடுவில் ஒரு தடவை வந்து இரண்டு நாள் தங்கிப் பார்த்துவிட்டுப் போனவர். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இந்தக் கூட்டத்துக்கு அவர்தான் தலை. சட்டையில் ஆறு பாக்கெட், ஆறிலும் ஏதாவது ஒரு மீட்டர். இன்னொருவன் சுருள். கம்பி சுற்றுவதில் கெட்டிக்காரன், அதனால் அந்தப் பெயர்.

வந்ததும் சோதனை போட்டார்கள். மேஜைக்கு அடியில் படுத்துப் பார்த்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். ஜன்னல் கம்பியைச் சுரண்டிப் பார்த்தார்கள். திருட்டுக் கரண்ட் எந்த வழியிலும் வந்துவிடக்கூடாது என்று வீட்டு மெயின் சுவிட்சையே அணைத்தார்கள். அதற்கு முன்பே தங்கள் சார்ஜரால் முழுசாக ஏற்றியிருந்த பேட்டரிக்குச் சுற்றிலும் டேப் ஒட்டி, டேப்மேல் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் காவல். நேற்றுக் காலை ஒன்பதரைக்கு ஆரம்பம். நாளைக் காலை ஒன்பதரை வரை எரிந்தால் ஜெயம்.

அவ்வளவு சந்தேகப்பட்டவர்கள், பகலில் வீட்டில் இருப்பது யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒன்பதரையிலிருந்து இருபத்தெட்டு மணி நேரம் என்றால் இன்று மதியம் ஒன்றரை. அண்ணி கடைக்கு லீவு சொல்லிவிட்டாள். விடிந்ததிலிருந்து அந்தக் கணக்கை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

*

காலை எட்டரைக்கு லிஃப்ட்காரர் ஒரு கவரோடு வாசலுக்கு வந்தார். அவர் தங்கை செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வயசு, முன்நெற்றியில் நாலு நரை, இன்னும் அவளுக்குப் பெயர் பாப்பாதான். அண்ணன் வேலை பார்க்கிற அதே லிஃப்ட் கம்பெனியில் ஆபீஸ் கிளார்க்.

"பாப்பா, இதை மேனேஜர் கையில குடுத்துடு. இன்னைக்கே குடுக்கணும்."

"என்னண்ணா இது?"

"வேலையை விடறேன்னு எழுதியிருக்கேன். ஒண்ணாந்தேதி வாத்தியாரோட போறேன். அவரு ஊர்ல பெரிய ஷெட்டு பார்த்து வச்சிருக்காரு. ஒரு தெருவுக்கே விளக்கு எரியற மாதிரி பெருசா கட்டப்போறோம். இன்னைக்கு லெட்டர் போனாத்தான் மாசக் கடைசியில என்னை விடுவாங்க."

பாப்பா கவரைப் பார்த்தாள். பிறகு அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்ற அண்ணியைப் பார்த்தாள்.

"நாளைக்குத்தானே சோதனை முடியுது? நாளைக்குக் குடுக்கலாமே?"

"நாளைக்குன்னா ஒரு மாசம் தள்ளிப்போகும். அது என்ன, எரியற பல்புக்கு ஜாதகமா பார்க்கணும்? இருபத்துமூணு நாள் எரிஞ்சது இன்னும் ஒரு நாள் எரியாதா?"

அண்ணி வாயைத் திறந்தாள். அதற்குள் மாடியிலிருந்து வாத்தியார் குரல் வந்தது. "லிஃப்ட்காரரே! பன்னெண்டு புள்ளி ஒண்ணு வோல்ட்டு! அசையலை!"

லிஃப்ட்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். அண்ணி திறந்த வாயை மூடிக்கொண்டாள். பாப்பா கவரைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "வரேன் அண்ணி" என்றாள். போகிற போக்கில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

*

மெயின் அணைந்த வீட்டில் ஃபேன் இல்லை. ஃப்ரிட்ஜ் அழுது தரையெல்லாம் தண்ணீர். அண்ணி துணியைப் போட்டுத் துடைத்தாள், பிழிந்தாள், மறுபடி துடைத்தாள். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மாடிப்படியில் ஏழு தடவை ஏறி இறங்கினாள். ஒரு தடவை தண்ணீர் சொம்போடு. ஒரு தடவை டீயோடு. மற்ற ஐந்து தடவையும் எதற்கு ஏறினோம் என்று பாதிப் படியில் மறந்துபோனது.

பத்தரை மணிக்குச் சுருள் இறங்கி வந்தான்.

"அண்ணி, பக்கத்து வீட்டுல தெரிஞ்சவங்களா? போன் செத்துப்போச்சு. ஒரு அரை மணி சார்ஜ் போட்டுக்கறேன்."

உலகத்துக்கே இலவசமாகக் கரண்ட் கொடுக்கப் புறப்பட்டவன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனான். வேறொரு நாளாக இருந்தால் அண்ணி வாரம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

பன்னிரண்டு மணிக்கு மூன்று பேரும் சாப்பிட இறங்கினார்கள். யாராவது ஒருவர் காவலுக்கு இருக்க வேண்டுமே என்று லிஃப்ட்காரர் தயங்கினார். வாத்தியார் கையை வீசினார்.

"அம்மா போய் உட்காரட்டும். வெளியாளுங்களைத்தான் நம்பக்கூடாது. கரண்ட் கம்பெனிக்காரன் எந்த ரூபத்துல வருவான்னே தெரியாது. வீட்டுப் பொம்பளைக்கு என்ன?"

அண்ணி மாடியேறினாள். கதவைச் சாத்தினாள். பல்புக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இருபத்துமூன்று நாள் தினமும் பார்த்த கண்ணுக்கு வித்தியாசம் தெரிந்தது. வெள்ளையாக இருந்தது பழுப்பாகிக்கொண்டிருந்தது. மேஜைமேல் மூன்று கையெழுத்து போட்ட டேப். அதைப் பிரிக்காமலே பின்பக்க ஒயரில் சார்ஜரின் கிளிப்பைக் கடிக்கவைக்க முடியும். அந்த இடம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். ஆனால் மெயின் அணைந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டால் கீழே ஃபேன் சுற்றும். மாட்டிக்கொள்வாள்.

அப்படி நினைத்ததும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. மெயின் மட்டும் இருந்திருந்தால் இப்போதும் மாட்டியிருப்போம் இல்லையா? இன்னும் எத்தனை நாள் மாட்டுவோம்? அவர் வேலையை விட்டு, ஷெட்டுக்குப் போய், தெருவுக்கே விளக்கு கட்டினால் அதற்கும் பின்னாலேயே சார்ஜரைத் தூக்கிக்கொண்டு அலைவோமா?

போனை எடுத்தாள்.

"பாப்பா, லெட்டரைக் குடுத்துட்டியா?"

"மேனேஜர் சைட்டுக்குப் போயிருக்காரு. மூணு மணிக்கு வருவாரு."

"குடுக்காத."

ஏன் என்று பாப்பா கேட்கவில்லை. அதுவே அண்ணிக்கு ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணி, இது அண்ணன் குடுத்த லெட்டர். நான் அமுக்கி வச்சா நாளைக்கு என் முகத்துல முழிக்க மாட்டாரு. மூணு மணி வரைக்கும் என்கிட்ட இருக்கும். அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க."

"எதைச் சொல்லச் சொல்றே?"

"சொல்ல வேண்டியதைத்தான்." போனை வைத்துவிட்டாள்.

*

பல்பு ஒன்றரை வரை இருக்கவில்லை. ஒன்று இருபதுக்கே அணைந்தது. ஒரு துடிப்பு, ஒரு சிவப்பு, அவ்வளவுதான்.

சுருள் "ஐயோ" என்று எழுந்தான். வாத்தியார் மூன்று மீட்டரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். மூன்றும் ஒரே பதிலைச் சொன்னதால் மூன்றுமே கெட்டுப்போய்விட்டன என்று முடிவு செய்தார்.

"மெயினை அணைச்சது தப்பு. வீட்டு ஒயர்ல ஓடற அலையையும் இது இழுத்துக்கிட்டிருந்திருக்கு. நான் அப்பவே நெனச்சேன்."

"நீங்கதானே அணைக்கச் சொன்னீங்க?" என்றான் சுருள்.

"சொன்னேன். நெனச்சுக்கிட்டேதான் சொன்னேன்."

அண்ணி வாசற்படியில் நின்று லிஃப்ட்காரர் முகத்தைப் பார்த்தாள். அழுவார் என்று பயந்தாள், கத்துவார் என்று பயந்தாள். அவரோ பென்சிலை எடுத்துக் காதில் செருகினார். லிஃப்ட் நடுமாடியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டு கத்தும்போது அவர் இப்படித்தான் ஆகிவிடுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். நேரில் பார்த்ததில்லை.

"நேத்து வரைக்கும் ஓடுச்சு. இன்னைக்கு நின்னுடுச்சு. நடுவுல என்ன மாறுச்சு? அவ்வளவுதான் கேள்வி. எந்த லிஃப்டுக்கும் இதான் கேள்வி."

"அலைதான்" என்றார் வாத்தியார்.

"சுருளு, கீழ போய் மெயினைப் போடு."

போட்டான். கீழே ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. பேட்டரியை அரை மணி நேரம் சும்மா விட்டார்கள். தலையைத் தூக்கிப் பல்பு மங்கலாக எரிந்தது. சுருள் கைதட்டினான். அடுத்த ஐந்து நிமிஷத்தில் அணைந்தது.

"தூங்கி எழுந்தா எந்த பேட்டரியும் கொஞ்சம் நடிக்கும். அலை இல்ல இது" என்று லிஃப்ட்காரர் நோட்டில் ஒரு கோடு கிழித்தார். டேப்பைப் பிரித்தார். சர்க்யூட்டில் ஒவ்வொரு பற்றவைப்பாகத் தட்டிப் பார்த்தார். இன்னொரு கோடு. "மெயின் இல்லை. டேப் இல்லை. சர்க்யூட்டு அப்படியே இருக்கு. மிச்சம் மாறினது நீங்க ரெண்டு பேரும் வந்ததுதான்."

"நாங்க என்னண்ணே பண்ணோம்? மூச்சுதானே விட்டோம்?" என்றான் சுருள்.

"நீங்க என்ன பண்ணீங்கன்னு கேக்கல. நீங்க இங்க இருந்ததால, யாரு எதைப் பண்ணாம விட்டாங்க?"

சொல்லிவிட்டு அவரே நின்றார். பென்சில் அந்தரத்தில் நின்றது. மெதுவாக வாசற்படிப் பக்கம் திரும்பினார்.

அங்கே அண்ணி இல்லை. இறங்கிப் போயிருந்தாள்.

*

அவர் சமையலறைக்கு வந்தபோது சார்ஜர் மேஜைமேல் இருந்தது. பழைய துணிப் பெட்டிக்கு அடியிலிருந்து அவளே எடுத்து வைத்துவிட்டாள். மணி இரண்டு நாற்பது.

"நான்தாங்க" என்றாள். "நீங்க வேலைக்குப் போனதும் மாட்டுவேன். பதினொண்ணுக்குக் கழட்டிடுவேன்."

அவர் சார்ஜரைக் கையில் எடுத்தார். கிளிப்பைத் திறந்து மூடினார்.

"முதல்ல சிவப்பை மாட்டுவியா, கறுப்பையா?"

"சிவப்பு."

"சரிதான்."

அவர் அடித்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். இந்த 'சரிதான்' தாங்கவில்லை.

"திட்டுங்களேன். ஏதாவது சொல்லுங்களேன். நான் ஏமாத்தணும்னு செய்யல. முதல் நாள் பல்பு எரிஞ்சப்போ நீங்க ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. எத்தனை மாசம் கழிச்சு! அதைப் பார்த்துட்டு நான் எப்படிங்க நிறுத்தறது?"

"ரெண்டாம் தடவை சாப்பிட்டேன்னு ஊரைக் கூப்பிட வச்சியா?"

"ஊரைக் கூப்பிட்டது நீங்க."

அது உண்மைதான். அவர் நோட்டை மேஜைமேல் விரித்தார். இருபத்துமூன்று வரி. ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார். அடிக்கிற ஒவ்வொரு கோட்டுக்கும் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. பன்னிரண்டாவது வரியில் பென்சில் நின்றது.

"இந்த ஞாயித்துக்கிழமை நீ இங்க இல்லையே?"

அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"உன் தங்கச்சி பிரசவத்துக்குப் போனே. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். நாலு நாள். நாலு நாளும் ஏறியிருக்கு." குரல் மாறிவிட்டது. "நாலு நாளும் ஏறியிருக்கு பாரு! அப்ப இது யாரு? நீ இல்ல. அப்ப அந்த நாலு நாள் தானா ஏறியிருக்கு!"

அந்த நாலு நாளைப் பற்றி அவளும் யோசிக்காதவள் இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, பல்பு அணைந்திருக்கும், குட்டு உடைந்திருக்கும் என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து அது எரிவதைப் பார்த்தபோது ஒரு நிமிஷம் அவளே நம்பிவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் எப்படி என்று திருப்பிக் கேட்பார்களே.

இப்போது அவர் கண்ணில் பழைய வெளிச்சம் திரும்ப வந்துகொண்டிருந்தது. இருபத்துமூன்றில் பத்தொன்பது போனாலும் போகட்டும், நாலு போதும் இந்த ஆளுக்கு.

போன் அடித்தது. பாப்பா. அவரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, மேனேஜர் சீக்கிரமே வந்துட்டாரு. அண்ணி ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னா. பரவாயில்ல. நாலு நாள் தேறிடுச்சு. நீ லெட்டரைக் குடு..."

அண்ணி பாய்ந்து போனைப் பிடுங்கினாள்.

"பாப்பா! நான் ஊருக்குப் போனேனே, அந்த நாலு நாள். நீதானே?"

அந்தப் பக்கம் யாரோ ஃபைலைத் தட்டி அடுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பாப்பா, எனக்குப் பயமா இருக்கு. சொல்லிடு."

"நாலு நாள் இல்ல அண்ணி" என்றாள் பாப்பா. "ரெண்டு நாள். நீங்க சார்ஜரை ஒளிக்கறதை நான் முன்னாடியே பார்த்துட்டேன். நீங்க போனதும் பல்பு அணைஞ்சா உங்களை மாட்டிவிட்ட மாதிரி ஆகிடுமேன்னு ஞாயித்துக்கிழமை அண்ணன் பல் டாக்டர்கிட்ட போனதும் போட்டேன். திங்கக்கிழமை அரை நாள் லீவு எடுத்துப் போட்டேன். மன்னிச்சிரு அண்ணா."

லிஃப்ட்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நோட்டில் இரண்டு கோடு போட்டார். மிச்சம் இரண்டு வரி.

"செவ்வாயும் புதனும்?" என்றார். கேட்பது போலவே இல்லை, கெஞ்சுவது போல இருந்தது.

"சத்தியமா நான் இல்லண்ணா. நான் எப்படிப் போடறது? செவ்வாய்க்கிழமைதான் வாத்தியார் முதல் தடவை பார்க்க வந்தாரே. ரெண்டு நாளும் மாடியறையிலயேதானே படுத்திருந்தாரு? அந்த ரூமுக்குள்ள நான் போக முடியுமா? அணைஞ்சிருக்கும்னு பயந்துக்கிட்டே ஆபீஸ்லேர்ந்து வந்தேன். எரிஞ்சுக்கிட்டிருந்தது. எனக்கும் புரியல."

மேலே வாத்தியார் பேசிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. தோல்வி என்று ஒன்று கிடையாது, பெரிய ஷெட்டில் பெரிய சுருள் போட்டால் இந்தக் குறையெல்லாம் ஓடிவிடும் என்று சுருளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

லிஃப்ட்காரர் அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அண்ணா, கேக்குதா? மேனேஜர் கூப்பிடறாரு. லெட்டரை என்ன பண்ணட்டும்?"

"உன் பையிலயே இருக்கட்டும்" என்றார். "நான் சொல்ற வரைக்கும் வெளிய எடுக்காத."

போனை அண்ணியிடம் கொடுத்தார். கடைசி இரண்டு வரியை அடிக்காமலே நோட்டை மூடி அக்குளில் இடுக்கினார். சார்ஜரைத் தூக்கினார். அதன் ஒயர் தரையில் இழுபட, மாடிப்படியில் காலை வைத்தார்.

"என்னங்க, சண்டை வேண்டாம்" என்றாள் அண்ணி.

"சண்டை இல்ல. ஒரே ஒரு கேள்வி."

அவர் மேலே போய்ச் சேர்ந்தபோது வாத்தியாரின் கண் முதலில் போனது அவர் முகத்துக்கு இல்லை, கையிலிருந்த சார்ஜருக்கு. பேச்சு பாதியில் நின்றது. பிறகு அந்த மனுஷன் சுருளைப் பார்த்து, "தம்பி, நீ கொஞ்சம் வெளிய இரு" என்றார்.